அலாய் வீலுக்கு அலுமினியம் நட்டா, ஸ்டீல் நட்டா? (ஹோண்டா சிட்டி 2015)

சிட்டி2015_திருச்சி
வணக்கம் மக்களே. என்கிட்ட 2015 சிட்டி பெட்ரோல் இருக்கு. போன வாரம்தான் வெளியில 16 இஞ்ச் அலாய் வாங்கி மாத்துனேன், மாத்தி குடுத்தவங்க கம்பெனி நட்டயே திருப்பி போட்டு முடுக்கி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா பளபளன்னு இருக்குற அலாய் நடுவுல துரு ஏறுன பழைய நட்டு, பட்டு வேட்டிக்கு கீழ பாத்ரூம் செருப்பு போட்ட மாதிரி இருக்கு. ஆன்லைன்ல தேடுனா 7075ங்கிற ரக அலுமினியம் நட்டு, செவப்பு நீலம் ஊதான்னு எல்லா கலர்லயும் வருது, 16 நட்டும் அத கழட்டி மாட்டுற ஒரு சாவியும் சேத்து 1,450 ரூவா. அதே மாதிரி கறுப்பு ஸ்டீல் நட்டு 1,100. அலுமினியம் வெயிட் கம்மி, துரு பிடிக்காது, பிக்கப் கூடும்னு போட்டிருக்கான். மச்சான் என்னடான்னா அலுமினியம் போட்டா வீல் தனியா ஓடும்னு பயமுறுத்துறான். யாராச்சும் போட்டு ஓட்டுனவங்க இருக்கீங்களா? செவப்பு மேல ஒரு கண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுறேன்.

ஈசிஆர்_காத்து
ப்ரோ வேணாம். நான் போட்டு பட்டவன். நீலாங்கரையில வீடு, கடல் காத்து எப்படின்னு தெரியும்ல, ஜன்னல் கம்பியே ரெண்டு வருசத்துல உரிஞ்சு வரும். நானும் துரு பிடிக்காதுன்னு நம்பித்தான் நீல கலர் போட்டேன். எட்டு மாசம் கழிச்சு ராத்திரி பதினோரு மணிக்கு விக்கிரவாண்டி டோல் தாண்டி பஞ்சர். ஜாக்கி போட்டு அந்த சாவிய வச்சு கழட்டுறேன், மூணு நட்டு முனகிக்கிட்டே வந்துச்சு, நாலாவது கால் சுத்து வந்து நின்னுச்சு. இன்னும் கொஞ்சம் அழுத்துனேன், டக்குனு லேசாச்சு, ஆஹா வந்துருச்சுன்னு பாத்தா நட்டு அங்கயேதான் இருக்கு, நட்டோட பல்லு எல்லாம் வழிச்சு சாவியோட வந்துருச்சு. செல்போன் வெளிச்சத்துல பாத்தா சாவிக்குள்ள தேங்கா துருவல் மாதிரி வெள்ளையா அலுமினிய தூள். பொண்டாட்டி புள்ளைங்கள கார்ல வச்சுக்கிட்டு லாரி போற ரோட்டுல ரெண்டு மணி நேரம் நின்னேன். அப்புறம் ஒரு லாரி கிளீனர் தம்பி வந்து உளி வச்சு நட்ட பொளந்து எடுத்தான். உள்ள ஸ்டட்ட, அதாவது நட்டு ஏறுற கம்பிய, சுத்தி வெள்ளையா மாவு மாதிரி பூத்து போயிருந்துச்சு.

லேத்மேன்_அம்பத்தூர்
மேல ஈசிஆர் தம்பி சொன்ன வெள்ளை மாவுதான் விசயமே. அலுமினியம் துரு பிடிக்காதுன்னு சொல்றது தனியா இருக்குற வரைக்கும்தான். ஸ்டட்டு இரும்பு, அது மேல அலுமினிய நட்டு, நடுவுல உப்புத் தண்ணி. இப்படி ரெண்டு வேற உலோகம் தொட்டுக்கிட்டு உப்பு ஈரமும் சேந்தா அது ஒரு பேட்டரி மாதிரிதான், அதுல கரையறது அலுமினியம். கரைஞ்சது வெள்ளை உப்பா மரைக்குள்ள, அதாவது திருகு வரிக்குள்ள, அடைச்சுக்கும், அதான் பாதி வந்து நின்னுருக்கு. நட்டு மேல அடிச்ச கலர், அதாவது அனோடைஸ் பூச்சு, முழுசா இருக்குற வரை காப்பாத்தும். ஆனா மரையில பத்து தடவ கழட்டி மாட்டுனா பூச்சு எங்க இருக்கும்?

இன்னொன்னு. ஸ்டீல் நட்டு தலை வழிஞ்சா அது மேல வேற ஒரு பெரிய நட்ட வெல்டு வச்சு ஒரே திருகுல எடுத்துடுவோம், வெல்டிங் சூட்டுலயே பிடிப்பும் விட்டுரும். அலுமினியத்து மேல அந்த வித்தை நடக்காது, சாதா வெல்டிங்ல அலுமினியமும் இரும்பும் ஒட்டாது. உளிதான் வழி. நல்ல வேளை மெத்துனு இருக்குறதால உளிக்கு பொளந்துரும், அந்த விசயத்துல மட்டும் அலுமினியத்துக்கு ஒரு மார்க் குடுக்கலாம்.

ஆட்டோகிராஸ்_கோவை
அண்ணன்களா எல்லாரும் சேந்து அலுமினியத்த இப்படி போட்டு மிதிக்காதீங்க. நான் மூணு வருசமா 7075 நட்டுதான் போட்டுருக்கேன், செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்குக்கு போறப்பவும் அதேதான். ஒண்ணும் ஆகல. ஆனா நான் எப்படி வச்சிருக்கேன்னு கேளுங்க. ஏர் கன் கிட்டயே விடமாட்டேன், கையாலதான் ஏத்துவேன், எவ்ளோ இறுக்கணுமோ அந்த அளவு வந்தா க்ளிக்குனு சொல்ற டார்க் ரெஞ்ச் வச்சுதான் முடிப்பேன், நட்டோட உள் மரைய டார்ச் அடிச்சு பாப்பேன், சீசன் முடிஞ்சா செட்ட தூக்கி போட்டுட்டு புதுசு. அலுமினியத்துலயும் ரகம் இருக்கு. 7075 டி6 (டி6னா சூடு காட்டி பலப்படுத்துனது) இழுத்தா அறுந்து போகாம தாங்குற பலம் 570 மெகாபாஸ்கல் பக்கம், 6061 டி6 310 பக்கம்தான். ரெண்டும் வெளிய ஒரே செவப்பு, ஒரே பளபளப்பு. 1,450 ரூவாய்க்கு 7075னு பாக்கெட்ல அடிச்சு குடுக்குறவன் உள்ள என்ன போட்டிருக்கான்னு அவனுக்கே தெரியாது.

அப்புறம் ஒரு சரித்திரம். பழைய போர்ஷ 911ல ஃபுக்ஸ்ங்கிற அலாய் வீலுக்கு கம்பெனியே அலுமினிய நட்டுதான் குடுத்தான், பல வருசம் ஓடுச்சு. அமெரிக்கா நாஸ்கார் கார் ரேஸ்ல 2022ல அஞ்சு நட்ட எடுத்துட்டு நடுவுல ஒத்த நட்டு கொண்டு வந்தாங்களே, அதுவும் அலுமினியம்தான். அப்ப அலுமினியம்னாலே மட்டம்னு எப்படி சொல்றீங்க?

லேத்மேன்_அம்பத்தூர்
தம்பி நல்ல கேள்வி. போர்ஷக்காரன் போட்டது 14 எம்எம் ஸ்டட்டு, நட்டும் அதுக்குன்னே கனமா டிசைன் பண்ணது, டார்க் 130 நியூட்டன் மீட்டர்னு மேனுவல்லயே குடுத்தான். நம்ம சிட்டியில இருக்குறது 12 எம்எம் ஸ்டட்டு, 1.5 பிட்ச், அதாவது மரைக்கு மரை 1.5 எம்எம் இடைவெளி. அதுலயும் இந்த கலர் நட்டு எல்லாம் ஒல்லியா இருக்கணும்னு சுவத்த சீவி வச்சிருப்பான். நாஸ்கார் கதை இன்னும் வேற, ஒத்த நட்டுன்னா அது உள்ளங்கை அளவு இருக்கும், ரேஸ் முடிஞ்சா செக் பண்ண தனி ஆளே இருக்கான். உங்க வீட்டுல யாரு இருக்கா?

கணக்கு ஒண்ணு போட்டு காட்டுறேன். சிட்டிக்கு டார்க் 108 நியூட்டன் மீட்டர். காஞ்ச மரையில அது ஸ்டட்ட இழுக்குற இழுப்பு தோராயமா 45 கிலோ நியூட்டன், அதாவது ஒவ்வொரு ஸ்டட்டும் நாலரை டன் இழுப்புல நிக்குது. நாலு ஸ்டட்டுக்கு சேத்து 18 டன். வீல ஹப்போட, அதாவது வீலு உக்கார்ற நடு பாகத்தோட, அமுக்கி பிடிச்சு வச்சிருக்குறது இந்த அமுக்குதான், பல பேரு நினைக்குற மாதிரி வீலு ஸ்டட்டு மேல தொங்கிக்கிட்டு இல்ல. அந்த நாலரை டன்ன ஒரு நட்டோட மரை தாங்கணும். ஸ்டீல்ல ஸ்டட்டு எவ்ளோ தடிமனோ அவ்ளோ நீளத்துக்கு மரை புடிச்சிருந்தா போதும், 12 எம்எம்முக்கு 12 எம்எம், கிட்டத்தட்ட எட்டு சுத்து. அலுமினியம்னா ஒண்ணரை மடங்காச்சும் வேணும். ஸ்டட்டு அவ்ளோ நீளம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கான்னு முதல்ல பாக்கணும், வெளி அலாய்ல நட்டு உக்கார்ற இடம் தடிமனா இருந்தா அதுவே கம்மியாயிடும்.

சிட்டி2015_திருச்சி
சரி ண்ணே. வெயிட் கம்மியானா பிக்கப் கூடுமா? அந்த ஒரு ஆசையாச்சும் உண்மையா?

ஆட்டோகிராஸ்_கோவை
அதுல நானே உண்மைய சொல்லிடுறேன், சிரிக்காதீங்க. ஒரு ஸ்டீல் நட்டு 50 கிராம்னு வைங்க, அலுமினியம் 20. ஒரு வீலுக்கு 120 கிராம், நாலு வீலுக்கும் சேத்து அரை கிலோ கூட இல்ல. கார் கதவுல பாதி குடிச்சு போட்டு வச்சிருக்குற வாட்டர் பாட்டில வெளிய எடுத்தா அதே லாபம். சுத்துற வெயிட்டுனு சொல்லுவான், அதுவும் ஏமாத்து. நட்டு இருக்குறது சென்டர்லருந்து 5 செமீ தூரத்துல, டயர் விளிம்பு 30 செமீ தூரத்துல. சுத்த வைக்குற கஷ்டம் தூரத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால நட்டுல ஒரு கிராம் குறைக்குறதுக்கும் டயர் விளிம்புல ஒரு கிராம் குறைக்குறதுக்கும் 36 மடங்கு வித்தியாசம். நீங்க 15லருந்து 16 இஞ்சுக்கு போனீங்களே, அதுல கூடுன வெயிட்ட அந்த நட்டால ஈடுகட்டவே முடியாது. நான் போடுறது கலருக்குத்தான், வேற ஒரு காரணமும் இல்ல, ஒத்துக்குறேன்.

போலோக்காரன்
எங்களுக்கு இந்த தொல்லையே இல்ல, ஃபோக்ஸ்வேகன்ல நட்டே கிடையாது போல்ட்டுதான் 😎

ஈசிஆர்_காத்து
ஆமா, மழையில வீல ஒரு கையில தூக்கி பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால போல்ட்டு ஓட்டைய தேடுவீங்களே, அந்த சுகம் எங்களுக்கு இல்லதான்.

பஞ்சர்கடை_மதுரை
எல்லாரும் பேசி முடிச்சாச்சா. நான் மாட்டுத்தாவணி பக்கம் பஞ்சர் கடை வச்சிருக்கேன், ஒரு நாளைக்கு எத்தன வண்டி வரும்னு நான் எண்ணுறதில்ல. அலுமினிய நட்டு வண்டி வந்தா எனக்கு வயித்த கலக்கும் சார். வர்றவரு சாவி எங்க இருக்குன்னு வீட்டுக்கு போன் பண்ணுவாரு, வீட்டுல பீரோவுல இருக்குன்னு சொல்லுவாங்க. சாவி இருந்தாலும் அது தகடு மாதிரி, நம்ம 21 சாக்கெட்டுல ஆடும். ஏர் கன் வச்சா நட்டு போச்சு, கையால கழட்டுனா பின்னாடி நாலு வண்டி ஹாரன் அடிக்குது. வழிஞ்சு போச்சுன்னா நான்தான் வழிச்சேன்னு சண்டை. வீல் நட்டு நீங்க கழட்டுற பொருள் இல்ல சார், நாங்க கழட்டுற பொருள், அது எங்க கைக்கு தாங்கணும். தாங்குறது ஸ்டீலுதான்.

அதுக்காக நாங்க பண்றது எல்லாம் சரின்னு சொல்லல. ஏர் கன்ன வச்சு எடுத்த எடுப்புல கர்ர்ருனு ஏத்துற பசங்க இருக்கானுங்க, மரை குறுக்க ஏறிடும். கையால ரெண்டு மூணு சுத்து ஏத்திட்டு அப்புறம் எதுத்தாப்புல எதுத்தாப்புல முடுக்கணும். உங்க முன்னாடி கையால ஏத்தலன்னா நிறுத்து தம்பின்னு தாராளமா சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஸ்பேனர் மேல ஏறி நின்னு குதிக்கவும் விடாதீங்க, 60 கிலோ ஆளு ஒரு அடி நீள ஸ்பேனர்ல ஏறி நின்னாலே 108அ தாண்டிரும், குதிச்சா கேக்கவே வேணாம்.

ஆனா நான் இங்க எழுத வந்தது அதுக்கு இல்ல. திருச்சி தம்பி முதல் போஸ்ட்ல ஒரு வரி எழுதிருக்காரு, வெளி அலாய்ல கம்பெனி நட்டயே போட்டு அனுப்பிட்டாங்கன்னு. அத யாருமே கேக்கல. தம்பி, அந்த நட்ட கழட்டி அடியில பாத்தீங்களா? ஹோண்டா கம்பெனி நட்டு அடி உருண்டையா பந்து மாதிரி இருக்கும். வெளி அலாய் முக்காவாசிக்கு மேல கூம்பு குழிதான். பந்து போய் கூம்புல எப்படி உக்காரும்?

லேத்மேன்_அம்பத்தூர்
அய்யய்யோ நான் கூட இத விட்டுட்டேன். மதுரைக்காரர் சொல்றது நூத்துக்கு நூறு. கூம்பு குழிக்குள்ள பந்து உக்காந்தா முழு பரப்பும் தொடாது, ஒரு மெல்லிசு வளையம் மட்டும் தொடும். நாலரை டன்னும் அந்த கோட்டு மேல விழுந்து அலாய அங்க அமுக்கி பள்ளம் பண்ணும், பள்ளம் விழுந்த உடனே அமுக்கு தளரும், தளந்தா நட்டு தானா கழல ஆரம்பிக்கும். முடுக்குனப்ப டார்க் ரெஞ்ச் 108ல க்ளிக்குனு சொல்லும், எல்லாம் சரின்னு தோணும், அதான் இதுல மோசம். டொயோட்டாவுல இன்னும் வேற, கம்பெனி அலாய் நட்டுக்கு அடியில தட்டையா வாஷர் இருக்கும். மாருதியில பிட்சே வேற, 12க்கு 1.25, அத சிட்டியில ஏத்துனா ரெண்டு சுத்து போகும் அப்புறம் ரெண்டு மரையும் காலி. மூணும் பொருந்தணும் தம்பி, மரை தடிமன், பிட்ச், அடி. இது பொருந்தாம தங்கத்துல நட்டு போட்டாலும் நிக்காது.

சிட்டி2015_திருச்சி
அண்ணே பயமா இருக்கு. போன ஞாயித்துக்கிழமை இதே வண்டியில 110ல தஞ்சாவூர் போய்ட்டு வந்தேன். எப்படி செக் பண்றது?

பஞ்சர்கடை_மதுரை
இப்ப ஓட்டாதீங்க. வீட்டுல புள்ளைங்க ஸ்கெட்ச் பேனா இருக்கா? ஒரே ஒரு நட்ட கழட்டுங்க, மத்த மூணும் அப்படியே இருக்கட்டும். அடியில உருண்டை பாகம் முழுக்க கறுப்பு ஸ்கெட்ச் பூசி காய விட்டு திருப்பி முடுக்கி மறுபடியும் கழட்டி பாருங்க. ஸ்கெட்ச் பட்டையா அழிஞ்சிருந்தா பொருந்துது. முடி மாதிரி கோடு மட்டும் அழிஞ்சிருந்தா பொருந்தல.

ஸ்காபரோ_சில்லு
தம்பியவை, கனடாவிலயிருந்து எழுதிறன். இஞ்ச நாங்கள் வருசத்துக்கு ரெண்டு தரம் சில்லு, உங்கட வீல்தான், மாத்திறனாங்கள், பனி தொடங்கேக்க ஒருக்கா வெயிலுக்கு ஒருக்கா. றோட்டில உப்பை மண் மாதிரி கொட்டுவாங்கள். என்ரை மூத்தவன் நிறத்துக்கு ஆசைப்பட்டு அலுமினிய நட் பூட்டினவன், முதல் பனிக்காலம் முடிஞ்சு கழட்டேக்க ரெண்டு நட் கையோடை தூளாப் போச்சு. அதுக்குப் பிறகு வீட்டில இரும்பு நட்தான். புதுசா பூட்டினாப் பிறகு ஒரு நூறு கிலோமீற்றர் ஓடிப்போட்டு திரும்ப ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ, இஞ்ச கராஜில பில்லிலயே எழுதித்தான் குடுப்பாங்கள். அதோடை, கழட்ட லேசா இருக்கட்டுமெண்டு மரைக்கு எண்ணெய் கிறீஸ் பூசாதேங்கோ.

ஆட்டோகிராஸ்_கோவை
ஐயா சொன்ன கிரீஸ் விசயம் பெரிய விசயம். 108ங்கிறது காஞ்ச மரைக்கு போட்ட கணக்கு. கிரீஸ் போட்டா உராய்வு கொறஞ்சு அதே 108ல ஸ்டட்டு மூணுல ஒரு பங்குக்கு மேல கூடுதலா இழுபடும். ஸ்டீல் நட்டுன்னா ஸ்டட்டு நீளும், அலுமினிய நட்டுன்னா மரை உருவிக்கிட்டு வரும். மரைய கம்பி பிரஷ் வச்சு தேச்சு தொடச்சா போதும்.

இன்னொன்னும் சொல்லணும், ஏன்னா எனக்கு எதிரா நானே பேசுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். டிராக்ல பத்து லேப் பிரேக் அடிச்சு வந்தா ஹப்பு கொதிக்கும். 7075 வந்து 150 டிகிரியில ரொம்ப நேரம் இருந்தா அதோட பலம் பாதிக்கு கீழ போயிடும். அதுக்குத்தான் நான் வருசா வருசம் மாத்துறது. ஏற்காடு ஊட்டின்னு கொண்டை ஊசி எறங்குறவங்க, அதுவும் பிரேக்லயே கால வச்சு எறங்குறவங்க யோசிச்சுக்கோங்க.

சிட்டி2015_திருச்சி
பாத்துட்டேன். முடி மாதிரி கோடுதான் 😔 பொண்ணோட ஸ்கெட்ச்ச எடுத்ததுக்கு தனியா திட்டு வாங்குனேன். ஒரு வீல்ல ஒரு குழியில லேசா பளபளன்னு வளையமா அமுங்கவும் ஆரம்பிச்சிருக்கு, நகத்துல தடவுனா தெரியுது. பழைய 15 இஞ்ச் வீல் மாடியிலதான் கெடந்துச்சு, அதயே மாட்டிட்டேன். அந்த கடைக்கு போன் பண்ணி கேட்டா எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுறோம், ஒண்ணும் ஆகாதுங்குறாங்க.

லேத்மேன்_அம்பத்தூர்
அந்த வளையம் இப்பதான் ஆரம்பம்னா கூம்பு நட்டு போட்டா சரியா உக்காந்துரும், ஆனா போட்டுட்டு அதே ஸ்கெட்ச் டெஸ்ட்ட மறுபடியும் பண்ணுங்க. பள்ளம் ஆழமா இருந்தா அந்த வீல விட்டுருங்க. வாங்க வேண்டியது 12 எம்எம், 1.5 பிட்ச், 60 டிகிரி கூம்பு, ஸ்டீல், 19 ஸ்பேனர் சைஸ். சாவி வேணுங்குற ரகம் வேணாம். தொப்பி போட்டு மூடுன நட்டா வாங்குனா ஸ்டட்டு முனை உள்ள போய் முட்டாம இருக்கான்னு பாத்துக்கோங்க, முட்டுனா டார்க் வந்த மாதிரி இருக்கும், வீலு இறுகியிருக்காது. மேல தகடு தொப்பி அடிச்ச ரெண்டு பீஸ் நட்டும் வேணாம், உள்ள தண்ணி போய் தொப்பி உப்பி ஸ்பேனர் நுழையாது. கடையில காந்தம் எடுத்துட்டு போங்க, ஒட்டுனா ஸ்டீல். அலுமினியம்னு பில்லு போட்டு பெயின்ட் அடிச்ச இரும்பு குடுக்குறவனும் இருக்கான், அது ஒரு வகையில உங்களுக்கு நல்லதுதான் 😂

சிட்டி2015_திருச்சி
பத்து நாள் கழிச்சு வர்றேன். கறுப்பு ஸ்டீல், ஒரே பீஸ், கூம்பு அடி, 16 நட்டு 1,250க்கு வாங்கி நானே கையால ஏத்தி, ஃபிரண்டு கிட்ட டார்க் ரெஞ்ச் கடன் வாங்கி 108ல முடிச்சேன். ஸ்கெட்ச் இந்த தடவ நல்ல பட்டையா அழிஞ்சிருக்கு. 100 கிமீ ஓட்டிட்டு திரும்ப பாத்தேன், 16ல ஒண்ணு மட்டும் கொஞ்சம் நகந்துச்சு. செவப்பு ஆசைக்கு வால்வு மூடி நாலு செவப்புல வாங்கி போட்டுக்கிட்டேன், 80 ரூவா.

பஞ்சர்கடை_மதுரை
சந்தோசம் தம்பி. ஸ்டெப்னி என்ன வீலு? பழைய இரும்பு ரிம்முதானே? அதுல குழி பந்து குழி. புது கூம்பு நட்டு அதுக்கு சேராது. பழைய கம்பெனி நட்டுல நாலு எடுத்து டிக்கியில ஜாக்கி பக்கத்துல போட்டு வைங்க.

சிட்டி2015_திருச்சி
அண்ணே... பழைய நட்டு, பழைய வீலு எல்லாத்தையும் நேத்துதான் இரும்பு கடையில போட்டேன்.

பஞ்சர்கடை_மதுரை
ஓடுங்க.

சிட்டி2015_திருச்சி
போனேன். இரும்பு கடை அண்ணாச்சி ஒரு பெயின்ட் டப்பா நெறைய நட்ட தரையில கொட்டி, இதுல உன்னோடது எதுன்னு நீயே பாத்துக்கோன்னு சொல்லிட்டு டீ குடிக்க போயிட்டாரு. குத்தவச்சு உக்காந்து ஒண்ணொண்ணா திருப்பி அடிய பாத்து பந்து, கூம்பு, தட்டைனு மூணு கும்பலா பிரிச்சேன். பந்து கும்பல்ல ஏழு தேறுச்சு, ஸ்டெப்னியோட கூடவே கொண்டு போன ஒரு பழைய ஸ்டட்டுல ஏத்தி பாத்ததுல நாலு சிக்கல் இல்லாம கையாலயே ஏறுச்சு. எடை போட்டு 20 ரூவா வாங்குனாரு. இப்ப ஜாக்கி பக்கத்துல பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சிருக்கேன், கவர் மேல அதே ஸ்கெட்ச்ல "ஸ்டெப்னிக்கு மட்டும்"னு எழுதி.